கணக்கில் முருகன்: நகரத்தார் வங்கியாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

நீங்கள் கேட்டது இதுதான்: "நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டித் தொழில் செய்தவர்கள். அவர்களே கோவில் திருப்பணி, சத்திரம், பள்ளிக்கூடம் என்று வாரிக் கொடுத்திருக்கிறார்கள். குடும்பப் பிடிப்பும் அதிகம். இதெல்லாம் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்ந்து இருந்தது? வட்டி வாங்கிய பாவத்தைக் கழிக்கத்தான் கோவில் கட்டினார்கள் என்பது சரியா? இன்று ஒரு வங்கியாளர் அப்படி வாழ முடியுமா?"

சரியில்லை என்பதுதான் என் கருத்து. இது பலர் சொல்லிப் பழகிய பேச்சு, ஆனால் காலக்கணக்கே இதற்கு ஒத்துவராது. நகரத்தார் பெரிய அளவில் வங்கித் தொழிலுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு ரொம்ப முன்னால், 17ஆம் நூற்றாண்டில், உப்பு வியாபாரம் செய்துகொண்டிருந்தபோதே பழனி முருகனுக்கு லாபத்தில் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பழனிக்கு உப்பு கொண்டுபோன நெற்குப்பைக் குமரப்பன் என்ற வியாபாரியிலிருந்துதான் இந்த வழக்கத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரைக்கும் அதுதான் வேர். ஆக, முதலில் சம்பாதித்துவிட்டு அப்புறம் மனசு உறுத்திச் சாமிக்குக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. சாமியின் பங்கு முதலிலேயே பேசி வைத்த பங்கு.

அந்தப் பங்குக்கு மகமை என்று பெயர். தெற்கே பல வணிகச் சமூகங்களில் மகமை உண்டு. நகரத்தார் அதைக் கணக்குக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கடல்கடந்த கடைகளின் பேரேடுகள் இன்னும் சில கிடக்கின்றன. நான் புரட்டியவற்றில் ஏட்டின் தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'சிவமயம்'. பிறகு தமிழ் வருஷம், மாதம், தேதி, வரவு, பற்று. தொகைகள் தமிழ் இலக்கத்தில் இருக்கும். பணம் போட்டவர்களின் பெயர்களுக்கு நடுவே சாமி பெயரிலும் ஒரு கணக்கு ஓடும். மற்றவர் கணக்கில் வட்டி ஏறுவது போலவே சாமி கணக்கிலும் வட்டி ஏறும். கடையின் முதலீட்டைப் பொறுத்து மகமை விழுந்துகொண்டே இருக்கும். அந்தப் பணத்தைக் கடைக்காரர் தன் செலவுக்குத் தொட முடியாது, ஆனால் தொழிலில் சுற்றவிடலாம். கோவிலுக்குத் தேவைப்படும்போது வட்டியோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். திருப்பணிக்குப் பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பல வருஷம், பல கடைகளில், சிறுகச் சிறுகச் சேர்ந்து வட்டிக்கு வட்டி ஏறிய பணம் அது.

இனி அப்படி ஒருவரின் வாழ்க்கையைச் சின்ன வயதிலிருந்து பார்ப்போம். தனிப்பட்ட ஒருவர் கதையாக இல்லாமல், பலருக்கும் பொதுவாக இருந்த பாதையைச் சொல்கிறேன்.

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருக்கும் எழுபத்துச் சொச்சம் ஊர்கள். மழை குறைவு, மண்ணை நம்பிப் பிழைக்க முடியாது. பையனுக்கு எழுத்தோடு கணக்கும் சேர்த்தே வாயில் ஊட்டிவிடுவார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. இந்தக் கீழ்வாய் இலக்கமெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். வட்டியை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். பதின்ம வயதில் உறவுக்காரர் கடையிலோ, பங்காளி கடையிலோ 'பெட்டியடிப் பையன்' வேலை. பெட்டியடியில் உட்கார்ந்து எடுபிடி செய்ய வேண்டும், பெரியவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், கணக்குப் படி எடுக்க வேண்டும். தேறினால் அடுத்தாள், பிறகு மேலாள், அதற்கும் மேலே கடையையே நடத்தும் ஏஜெண்டு. போதுமான பணம் சேர்ந்ததும் சொந்தக் கடை. முதலாளி மகனாக இருந்தாலும் பெட்டியடியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்த வீடுகள் உண்டு. இன்றைய தொழில் குடும்பங்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

வெளிநாடு போவதைக் 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை, சைகோன். பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதலாளி கடையில் இருந்துகொண்டு தன் சொந்தக் கணக்கில் கடன் கொடுத்து வாங்கக் கூடாது. தவணை முடிந்து ஊருக்கு வந்து கணக்கை ஒப்படைத்தால், லாபத்தைப் பார்த்து மேற்கொண்டு ஒரு பங்கு கிடைக்கும். அந்த மூன்று வருஷமும் மனைவி மக்கள் செட்டிநாட்டில், இவர் அங்கே.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் அவர்கள் தங்கித் தொழில் செய்த இடம் கிட்டங்கி. நீளமான ஒரு கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகக் கடைகள். கடை என்றால் ஒரு பாய், ஒரு சாய்வான கைப்பெட்டி, சுவரோரம் ஒரு பெட்டகம், அவ்வளவுதான். பகலில் அங்கேதான் வியாபாரம், இரவில் அங்கேதான் படுக்கை. பொதுச் சமையல். லட்சக்கணக்கில் பணம் புரட்டுகிறவரும் பக்கத்துக் கடைப் பையனும் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டார்கள். இவர் என்ன செலவு செய்கிறார், யாருக்குக் கொடுக்கிறார், யாரிடம் ஏமாந்தார் என்பது பத்தடி தூரத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மறைக்க இடமே இல்லை. இது நல்லொழுக்கத்துக்கான ஏற்பாடு என்று யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. செலவைக் குறைக்கப் போய் அப்படி அமைந்தது. ஆனால் பலன் அதுதான்.

போன இடமெல்லாம் முதலில் வேல் வைத்துக் கும்பிட்டார்கள், அப்புறம் தண்டாயுதபாணிக்குக் கோவில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டுக் கோவில் 1859இல் வந்தது. பினாங்கில் தண்ணீர்மலை, அங்கே தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும். ரங்கூனில் மொகல் தெருக் கோவில். கோவில் என்றால் கும்பிடும் இடம் மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரியும். ரங்கூனில் மாதம் ஒருமுறை கடைக்காரர்கள் எல்லோரும் கோவிலில் கூடி, தங்களுக்குள் வாங்கிக் கொடுக்கும் பணத்துக்கு அந்த மாதம் என்ன வட்டி என்று பேசி முடிவு செய்வார்கள். நடப்பு வட்டி என்று பெயர். இன்றைக்கு ரிசர்வ் வங்கி செய்யும் வேலையில் ஒரு பகுதியை முருகன் சன்னிதியில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். இரண்டு கடைகளுக்குள் தகராறு என்றாலும் பெரியவர்கள் அங்கேயே வைத்துப் பேசித் தீர்ப்பார்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரங்கூனில் எழுதிய உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை, சென்னையிலோ பினாங்கிலோ காட்டினால் பணம் கிடைக்கும். உண்டியலில் இருப்பது கடையின் விலாசம், அதாவது பாட்டன் அப்பன் பெயர்களின் முதலெழுத்துகள், ஒரு கையெழுத்து. அதை நம்பி ஏன் ஒருவர் பெட்டியைத் திறக்க வேண்டும்? அந்த விலாசத்துக்குப் பின்னால் ஒரு குலக்கோவில் இருந்தது, அதுதான் காரணம்.

நகரத்தாருக்கு ஒன்பது கோவில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு குடும்பமும் இதில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணத்துக்குக் கோவிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலை வந்து மணம் முடிந்தால் அந்தத் தம்பதி கோவில் ஏட்டில் ஒரு 'புள்ளி'. அதிலிருந்து புள்ளிவரி கட்டுவார்கள், கோவில் காரியத்தில் பேச உரிமை உண்டு. கல்யாணத்தன்று இரு வீட்டாரும் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள். ஆக ஒரு மனிதர் யார், யார் மகன், யார் மாப்பிள்ளை, எந்தக் கோவில் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தது. கொடுத்த வாக்கை மீறினால் ரங்கூனில் மட்டும் பெயர் கெடாது. செட்டிநாட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது, மகனுக்குக் கடையில் இடம் கிடைக்காது. பக்தி உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே, அந்தப் பக்தி சார்ந்த அமைப்புதான் கடன் நம்பிக்கைக்கு ஈடாக நின்றது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு, ஐம்பது பேருக்கு ஒரே அடுப்பு எரிந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள். வீடு ஒன்றுதான். வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஆனால் சமையல் தனி, வரவு செலவு தனி. வருஷத்துக்கு இவ்வளவு என்று அரிசி, சாமான், கைச்செலவுக்குப் பணம் ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் நடத்திக்கொள்ள வேண்டியது அந்தப் பெண்ணின் சாமர்த்தியம். சொத்து பிரியாது, தொழில் பிரியாது, அடுப்பு மட்டும் பிரியும். கணவன் கடல் தாண்டி மூன்று வருஷம் இருக்கும்போது, பதினெட்டு இருபது வயதுப் பெண் தன் கணக்கைத் தானே எழுதி, மிச்சம் பிடித்து, அந்த மிச்சத்தை வட்டிக்கும் போட்டிருக்கிறாள்.

ஆமாம், வட்டிக்கு. 'ஆச்சிமார் பணம்' என்று கடைக் கணக்கில் தனியாகவே ஒரு தலைப்பு உண்டு. பெண்கள் கொண்டுவந்த சீதனப் பணமும் அவர்கள் சேர்த்ததும் கடைகளில் வைப்பாக இருந்தது. கடையின் சொந்த முதல் போக, ஆச்சிமார் பணம், கோவில் பணம், மற்ற நகரத்தார் கடைகளிலிருந்து வாங்கியது, கூடவே ஆங்கிலேய வங்கிகளில் எடுத்த கடன் எல்லாம் சேர்ந்துதான் தொழில் நடந்தது. பெண் குழந்தை பிறந்ததும் அதன் பெயரில் ஒரு தொகை போட்டால், கல்யாண வயதில் அது பெருகி நிற்கும். நகரத்தார் வங்கியாளர் வரலாறு என்று எழுதுகிறவர்கள் ஆண்களின் பெயர்களையே அடுக்குகிறார்கள். அந்த ஆச்சிகளின் பணமும் கணக்கறிவும் இல்லாமல் கடல்கடந்த கடைகள் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது என்பது என் தீர்மானமான எண்ணம்.

பொதுக்காரியம் என்று வந்தால் பெயர்கள் நிறைய. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவியது 1929இல். வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பெயர் தெரியாத கொடைகள் இதைவிட அதிகம். காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்குப் பாலும் பூவும் வில்வமும் தினமும் ஊர்வலமாகப் போகும். சம்போ என்பார்கள், இன்றும் நடக்கிறது. சிவன் கோவில் திருப்பணிகள் தமிழ்நாடு முழுக்க. இதில் ஒரு குறையும் சொல்ல வேண்டும். பழைய கற்கோவில்களைப் பிரித்துவிட்டு அழகாகப் புதிதாகக் கட்டியபோது, பல இடங்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் போய்விட்டன. பக்தியோடு செய்தார்கள். ஆனால் இழப்பு இழப்புதான்.

இதைவிடப் பெரிய கேள்வி பர்மா. அதைத் தொடாமல் இந்தப் பதிலை முடிப்பது நேர்மையாக இருக்காது. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்தார்கள், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காட்டை வெட்டி நெல் போட ஆரம்பித்தார்கள். அந்த விவசாயிக்குக் கடன் கொடுக்க ஆங்கிலேய வங்கிகள் வரவில்லை, செட்டியார் கடைகள்தான் வந்தன. 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 கடைகள், கொடுத்த கடன் 75 கோடி ரூபாய் அளவுக்கு இருந்ததாக அப்போதைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அப்புறம் உலகப் பெருமந்தம். நெல் விலை விழுந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடகு வைத்த நிலம் கடைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது 25 பங்கு.

அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்ல. நிலம் கைக்கு வந்தால் பணம் முடங்கும், வங்கியாளருக்கு அது தலைவலி. இது உண்மை. ஆனால் தாத்தா வெட்டிய காட்டை இழந்த பர்மியனுக்கு இந்த விளக்கம் என்ன ஆறுதல் தரும்? கோவில், புள்ளி, நடப்பு வட்டி, பஞ்சாயத்து எல்லாம் நகரத்தார் ஒருவருக்கொருவர் நியாயமாக நடந்துகொள்ள வழி செய்தன. ரங்கூனில் தங்களுக்குள் வாங்கிய வட்டி குறைவு. வயலில் நிற்கும் விவசாயி கட்டிய வட்டி அதைவிட மிக அதிகம். மாதாமாதம் கோவிலில் கூடிய அந்தக் கூட்டத்தில் கடன் வாங்கிய விவசாயிக்காகப் பேச ஆள் இல்லை. கட்டுக்கோப்பான எந்தச் சமூகத்திலும் இந்த ஆபத்து இருக்கிறது. நம்பிக்கை ஓர் எல்லைவரைதான் போகும். எல்லைக்கு வெளியே நிற்பவர் வெறும் கடன்காரர்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். பேரேட்டையும் அடமானப் பத்திரங்களையும் சுமந்துகொண்டு வந்தவர்கள் உண்டு. சுதந்திர பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது, 1963இல் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. போட்ட முதல் திரும்பவில்லை. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும், பிரித்து விற்கப்பட்ட மாளிகைகளில் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பாயும் கைப்பெட்டியுமாக நடந்த தொழில் நவீன வங்கியாக மாறியதும் இதே தலைமுறைகளில்தான். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஏராளமானோர் பணம் போனது. வெள்ளைக்காரன் கம்பெனி பத்திரம் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தார் முதலும் துணையும் சேர்ந்து, 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கி திறந்தது. முப்பது வருஷம் கழித்து, 1937 பிப்ரவரி 10இல், எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளை. கடல்கடந்து போன தன் மக்களின் பாதையிலேயே வங்கியையும் நடக்கவிட்டார், அந்நியச் செலாவணியில் கவனம் வைத்தார். 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு 46 வயதுகூட நிறையவில்லை. சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயரான எம்.ஏ. சிதம்பரம் வேறு, அவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். பலர் இருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

மதுரையில் கருமுத்து தியாகராசர் 1943இல் பாங்க் ஆஃப் மதுராவை நிறுவினார். ஆலைகள், வங்கி, கல்லூரிகள், தமிழ், சைவம் என்று எல்லாவற்றிலும் ஒரே தீவிரம். அந்த வங்கி 2001இல் ஐசிஐசிஐயோடு இணைந்தது. அவர் நிறுவிய கல்லூரிகள் இன்றும் மதுரையில் நடக்கின்றன.

கடைசியாக, இன்று ஒரு வங்கியாளர் அப்படி வாழ முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதே மாதிரி முடியாது, முடியவும் கூடாது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது இந்தியன் வங்கியும் ஓவர்சீஸ் வங்கியும் அதில் இருந்தன. அதோடு குடும்பம் வேறு, வங்கி வேறு என்றாகிவிட்டது. 1949ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, இயக்குநருக்கோ அவர் பங்குதாரராக இருக்கும் நிறுவனத்துக்கோ வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்கிறது. சொந்தக்காரர், பங்காளி, ஒரே கோவில் என்று பார்த்துப் பணம் கொடுப்பது அன்றைக்குத் தொழிலின் பலம். இன்றைக்கு அது வேலையை இழக்க வைக்கும் குற்றம். சாதி, ஊர் எதுவும் பார்க்காமல் கிளைக்குள் வருகிற எவருக்கும் ஒரே அளவுகோல் என்பது, அந்தப் பர்மிய விவசாயிக்குக் கிடைக்காத நியாயம். அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

எடுத்துக்கொள்ளக்கூடியது மகமை முறை. மாதச் சம்பளம் வந்ததும், செலவுக்கு முன்னால், பொதுக்காரியத்துக்கு ஒரு சிறு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவது. எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம். மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்று வைத்தால் எந்த மாதமும் மிச்சம் இருக்காது. அப்புறம் அந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ஒன்பது கோவில்களிலும் புள்ளிகளுக்கு வரவு செலவு காட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நீங்கள் செட்டிநாட்டுப் பக்கம் போனால், மாளிகைகளைப் பார்த்த கையோடு, இந்த ஒன்பதில் ஏதாவது ஒரு கோவிலில் உட்கார்ந்து பெரியவர்களிடம் அந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று கேளுங்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.